மனசில் ஒன்று

ஒரு உயிர் நாலணா.
எட்டணாவுக்கு மூன்று.
பலகையில் எழுதியது நான்தான்,
கஸ்பார் அண்ணாச்சிக்கு ற-வும் ர-வும் தகராறு.
அதற்குக் கீழே சிவப்பில்:
லட்சம் எடுப்பவருக்கு டிரான்சிஸ்டர் இலவசம்.

தூத்துக்குடி துறைமுகத்தில்
ஏதோ கப்பலின் எஞ்சின்காரனிடம் வாங்கியது.
கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி,
அழிரப்பர் மாதிரிக் கட்டைகள்.
ரிப்பேருக்கு வந்து திரும்பிப் போகாத
கறுப்புவெள்ளை டிவியில் அதைப் பூட்டி
வண்ணார்பேட்டைக்கு ஒரு வானம் கொண்டுவந்தார்.

என் வேலை கேசட்.
ஓடவிட்டால் பாட்டு வராது.
ஆணியில் மாட்டிய மரக்கடை ரம்பம்போல
ஐந்து நிமிஷம் கத்தும்.
கத்தலில் தகரம் சேர்ந்தால் விளையாட்டு ஏறாது.
ஹெட்டின் திருகை ஓர் எள்ளளவு இடப்பக்கம்,
இன்னும் அரை எள்.
கத்தல் கூராகும்.
“ஏட்டி மாசானம், ஏறிட்டா?”
“ஏறுது அண்ணாச்சி.”
தினக்கூலி மூன்று ரூபாய்.
தொட்டு விளையாடக் கூடாது.

பனிமய மாதா திருவிழாவுக்கு
அவர் ஊருக்குப் போன அன்றைக்கு
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விளையாடினேன்.
மேல்வரிசையில் வெட்டுக்கிளிகள்,
கீழ்வரிசையில் பல் போன சீப்புகள்,
சுட்டால் ஒன்றுக்குப் பத்து.
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பது.
இன்னொன்றைச் சுட்டேன்.
நாலு.
வெறும் நாலு.

மெஷின் கெட்டது என்று வயரைப் பிடுங்கி
ஒன்றும் தெரியாதவள்போலக் கூட்டிப் பெருக்கினேன்.
ராத்திரி பாயில் கிடந்து
கணக்குப் போட்டதில் பிடிபட்டது:
கெடவில்லை,
அதற்கு அவ்வளவுதான் எண்ணத் தெரியும்.
லட்சம் அந்தத் திரையில் வராது.
ஏழு ஜென்மம் சுட்டாலும்.

அண்ணாச்சிக்கு அது தெரியுமா
என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
பத்து மாசம் எட்டணாக்கள் விழுந்தன.
என் மூன்று ரூபாயும் அந்த டப்பாவில் இருந்துதானே.

முப்பிடாதி பேட்டை மில்லில் ராத்திரி ஷிப்ட்.
முடியில் பஞ்சோடு வருவான், பேச மாட்டான்.
ஆனித் தேரன்று
டவுனில் தேர் போகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள்.
அந்த வோல்ட்டேஜ் எல்லாம் எங்கள் லைனுக்கு வந்ததுபோல
டிவி பளீரென்று நின்றது.
முதல் உயிரிலேயே அவன்
அறுபதாயிரம் தாண்டினான்.
பெஞ்சு நிறைந்தது. வாசல் நிறைந்தது.
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பது.

நாலு.

“சவத்த எழவு” என்றார் யாரோ.
அவன் விரல் நிற்கவில்லை.
கண் மட்டும் ஒரு தடவை என் பக்கம் வந்து போனது.
சாக்பீஸ் எடுத்து
டிவிக்கு மேலே சுவரில்
ஒரு கோடு போட்டேன்.

“என்னட்டி அது?”
“கூட்டல்ல மனசுல ஒண்ணு வைப்போம்லா அண்ணாச்சி.
மெஷினுக்கு மனசு கெடையாது.
நான் வச்சிருக்கேன்.”

கேசட் அட்டையின் உட்பக்கம்
எப்போதோ பென்சிலால் குறித்திருந்தேன்:
34464.
அதுவும் அந்தக் கோடும் சேர்ந்தால் லட்சம்,
ஒன்று கூடாது, ஒன்று குறையாது.
அவன் இரண்டாம் உயிரில் இருந்தபோது
அந்த எண் திரையில் வந்தது.
கண் சிமிட்டினால் தப்பியிருக்கும்;
நான் கத்திவிட்டேன்.

“திரையில உள்ளதுதான் கணக்கு” என்றார் அண்ணாச்சி.
கொக்கிரகுளம் ஆபீஸ் கிளார்க் ஒருவர்
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தார்,
மறுபடி கூட்டினார்,
“பிள்ள சொல்லுதது சரி” என்றார்.

டிரான்சிஸ்டர் வந்தது, செல் இல்லாமல்.
“செல்லு ஒன் பாடு.”
முப்பிடாதி அதை மடியில் வைத்துக்கொண்டு
நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்:
“இன்னும் ஒரு உசுரு கெடக்கு.”

மறுநாள் பலகையில் லட்சம் அழிந்து
கோடி ஆகியிருந்தது, அவர் கையெழுத்தில்.
என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

கோடிக்கு நூற்றைம்பத்திரண்டு கோடு,
மேலே கொஞ்சம் சில்லறை.
சுவரைச் சாணால் அளந்தேன்.
காலண்டரைக் கழற்றினால்
இடம் போதும்.